மாத்திரையை நிறுத்தினான், இப்போது காபியையும் நிறுத்திவிட்டான்

ஏலக்காட்டுக்காரி
செவ்வாய், இரவு 11:42

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 27 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் ஊரில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தான். கெட்டிக்காரன். மற்ற கடைகளில் கைவிட்ட போன்கள் அவனிடம் வரும். இரண்டு வருடத்துக்கு முன்பு முதலில் தூக்கம் போயிற்று. பிறகு எதிர்வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். பிறகு, பழுதுபார்க்க வந்த போன்களுக்குள்ளிருந்து தன் பெயர் கேட்கிறது என்றான். சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டான். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மனச்சிதைவு என்றார். மாத்திரை ஆரம்பித்து இரண்டே மாதத்தில் குரல்கள் அடங்கிவிட்டன. குலதெய்வத்துக்குப் பொங்கல்கூட வைத்தோம்.

எட்டாவது மாதம், "எனக்கு ஒன்றுமில்லை, இனி வேண்டாம்" என்று நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. நாலு மாதம் நன்றாகவே இருந்தான், கடைக்குக்கூடப் போனான். அப்புறம் எல்லாம் பழையபடி. மருத்துவரிடம் வரவே மாட்டேன் என்றான். நாங்கள் மட்டும் போய் அழுதோம். அவர் ஒரு திரவ மருந்தை எழுதிக் கொடுத்து, "தெரியாமல் கலந்து கொடுங்கள், வாசனை இருக்காது" என்றார்.

ஐந்து மாதம் நான்தான் கலந்தேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அளவு தப்பிவிடும். காலையில் காபியை ஆற்றும்போது அடுக்களை வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஊற்றுவேன். குரல்கள் குறைந்தன. ஆனால் கடைக்கு மட்டும் போகவில்லை, வீட்டிலேயே சுருண்டு கிடந்தான். போன வெள்ளிக்கிழமை அரிசிப் பானைக்குள் நான் ஒளித்து வைத்திருந்த குப்பியைப் பார்த்துவிட்டான். கத்தவில்லை. மேலே ஒட்டியிருந்த சிறிய எழுத்தை ஒன்று விடாமல் படித்தான். "எத்தனை நாளாக?" என்றான். சொன்னேன். குப்பியை அரிசிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் எதையும் தொடுவதில்லை. கடையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கித் தின்கிறான். தண்ணீர்கூடத் தெருக்குழாயில்தான். சோற்றில் கலக்கிறார்கள் என்று அவன் அன்று சொன்னபோது அது நோய். இன்று அவன் சொன்னால் அது உண்மை. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் நிறுத்துகிறார்கள்? மறுபடி எப்படித் தொடங்க வைப்பது?

மேலூர்க்காரன்
புதன், காலை 6:10

அக்கா, அவன் கேட்டதும் உண்மையைச் சொன்னீர்களே, அது பெரிய விஷயம். எங்கள் வீட்டில் சித்தப்பாவிடம் கடைசிவரை இல்லை என்றே சாதித்தார்கள்.

அட்டைவெட்டி
புதன், காலை 9:25

மருந்துக்கடையில் 19 வருடமாக நிற்கிறேன். யார் நிறுத்தப் போகிறார் என்பது மருத்துவருக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். முதல் மாதம் சீட்டில் எழுதிய முப்பதையும் வாங்குவார்கள். இரண்டாம் மாதம், "பத்து மட்டும் வெட்டிக் கொடுங்கள்" என்பார்கள். மூன்றாம் மாதம் சீட்டில் நாலு மருந்து இருந்தாலும், "அந்தத் தூக்க மாத்திரை மட்டும் போதும்" என்பார்கள். அவ்வளவுதான், அதன் பிறகு வரமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேறு மருத்துவர் எழுதிய வேறு சீட்டோடு அதே முகம் வந்து நிற்கும்.

காசு ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. சிலர் அட்டையை இரண்டு சுற்றுச் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்வார்கள். பக்கத்துத் தெருவிலேயே கடை இருக்க, இரண்டு பஸ் மாறி எங்களிடம் வந்து வாங்குகிறவர்களும் உண்டு. சரியாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துவோர் நிறைய. காய்ச்சலுக்கு அப்படித்தானே செய்கிறோம்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இதேபோலத்தான் நிற்கின்றன. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்துகளை ஒழுங்காக உட்கொள்வோர் பாதிப் பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. சர்க்கரைக்காரர் நிறுத்தினால் அலட்சியம் என்கிறோம். இவர்கள் நிறுத்தினால் மட்டும் "புத்தி பேதலித்திருக்கிறது, அதனால்தான்" என்கிறோம்.

வேர்மூலிகை
புதன், காலை 11:03

மனதைக் கட்டிப்போடும் மருந்தை எந்த மனிதன் விரும்பிச் சாப்பிடுவான்? உங்கள் தம்பி சரியாகத்தான் செய்திருக்கிறான். குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் வையுங்கள். பெருமாள் பார்த்துக்கொள்வார். நம் முன்னோர் முட்டாள்கள் அல்லர்.

சேதுக்கரை
புதன், பிற்பகல் 2:47

வேர்மூலிகை ஐயா, கோயிலையோ தர்காவையோ நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். எனக்குச் சொந்த ஊர் ஏர்வாடிக்கு அருகே. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை எரிந்தபோது நான் பள்ளி மாணவன். காலில் சங்கிலி பூட்டப்பட்டிருந்ததால் 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். தர்கா நடத்திய இடமல்ல அது. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பார்த்த இடம். அந்த மாதமே அரசு அப்படிப்பட்ட காப்பகங்களையெல்லாம் மூடியது. இப்போது தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருத்துவமும் தொழுகையும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று "தவா துவா" என்ற பெயரில் அரசே அங்கு மனநல சிகிச்சை தருகிறது. ஓதித் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து மாத்திரையும் வாங்கிப் போகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துக்கொள்வதில் சனங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் நம்மைப் போல எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2002இல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே மாந்திரீகம் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டார் உடன் இருந்தார்கள், காலையில் பூசை, கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று பொழுது போயிற்று. யாரும் விரட்டவில்லை. நம் மருத்துவமனைகள் அந்தக் கோயிலிடம் கற்க வேண்டியது இதுதான். மருந்தே வேண்டாம் என்று அதற்குப் பொருள் கிடையாது.

வெள்ளைத்தொப்பி
புதன், இரவு 8:30

அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி 12 வருடம் மனநலப் பிரிவில்.

ஏலக்காட்டுக்காரி, முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனக்கு நோய் இருப்பதே தெரியாத நிலை என்று ஒன்று உண்டு. வீம்பு என்று அதை நினைக்காதீர்கள். பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்ட சிலர், "என் கை நன்றாகத்தான் இருக்கிறது" என்று சாதிப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? மூளையின் எந்தப் பகுதி தன் உடலைத் தானே சரிபார்க்க வேண்டுமோ அங்கேயே அடி விழுந்திருக்கும். மனச்சிதைவில் பலருக்கு ஏறக்குறைய அப்படித்தான் ஆகிறது. அவர்களிடம் "உனக்கு நோய், ஒத்துக்கொள்" என்று வாதாடினால் மருத்துவர்மீது வரும் வெறுப்பு நம்மீதும் வரும். நான் வாதாடியதை நிறுத்திய பிறகுதான் என் பேச்சைக் கேட்டார்கள். "தூக்கம் எப்படி? சாப்பாடு பிடிக்கிறதா? உங்களுக்கு எது தொந்தரவு?" என்று கேட்பேன். அவர் சொல்லும் தொந்தரவு எதுவோ அதைப் பிடித்துக்கொண்டுதான் மாத்திரைக்குப் போவேன். நோயின் பெயரை இருவருமே உச்சரிக்காமல் ஐந்து வருடம் ஒழுங்காக மருந்து வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுவது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வசதி. நானும் எழுதியவள்தான். 2005இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மனச்சிதைவு உள்ள 1,493 பேர். முதலில் கொடுக்கப்பட்ட மருந்தை 18 மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் விட்டுவிட்டார்கள். கேட்கவில்லை என்பதாலும், பக்கவிளைவு தாங்காததாலும், தாங்களாகவே வேண்டாம் என்று முடிவு செய்ததாலும். அவ்வளவு பேருமா தன் நோயை அறியாதவர்கள்?

இங்கே அதோடு பஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவு வாரத்தில் இரண்டு நாள்தான். மலைக்கிராமத்திலிருந்து வருகிறவர் முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு எழ வேண்டும். மாத்திரையின் மப்பில் அவரால் ஆறு மணிக்கே எழ முடியாது. கூட வரும் மனைவிக்கு ஒருநாள் கூலி போயிற்று. ஓ.பி. சீட்டு, வரிசை, பிறகு மருந்து கொடுக்கும் இடத்தில் இன்னொரு வரிசை. உள்ளே மருத்துவர் முன்னால் நின்றது நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்திலும் கேள்வியெல்லாம் கூட வந்தவரிடம். "எப்படி இருக்கிறார்? தொந்தரவு செய்கிறாரா?" நோயாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், மேஜை விசிறியைப் பார்த்துக்கொண்டு.

இந்தியாவில் 12 மாநிலங்களில் 2015–16இல் நிம்ஹான்ஸ் எடுத்த கணக்கில், சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தார்கள். தமிழ்நாடும் அந்த 12இல் ஒன்று. சிகிச்சைக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிய கணக்கு அது. உங்கள் தம்பி ஒருமுறை வாசல்படி மிதித்தவர். அவரை இழந்தது யார் என்று நாங்களும் யோசிக்க வேண்டும்.

வேர்மூலிகை
புதன், இரவு 8:52

74 சதவீதம் பேர் விட்டுவிட்டார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். மருந்து சரியில்லை என்று இதைவிட வேறு சான்று வேண்டுமா அம்மா?

வெள்ளைத்தொப்பி
புதன், இரவு 9:15

வேண்டும் ஐயா. அந்த எண்ணிக்கை முதல் மருந்தைக் கைவிட்டோரைப் பற்றியது. அவர்களில் பலர் அதே ஆய்வில் அடுத்த மருந்துக்கு மாறினார்கள். முதலில் போட்ட செருப்பு கடித்தால் வேறு அளவு கேட்போம். வெறுங்காலோடு நடக்கச் சொல்லி யாரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.

பெயர் வேண்டாம்
வியாழன், அதிகாலை 1:20

நான் நிறுத்தியவள். இரண்டு முறை. மறுபக்கத்திலிருந்து யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 24 வயது, பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். என்ன வந்தது, எப்படி வந்தது என்பதையெல்லாம் விடுங்கள். மருந்து ஆரம்பித்து உண்மையிலேயே நிம்மதி கிடைத்தது, அதை மறுக்கமாட்டேன். மூன்றாம் மாதம் மாதவிலக்கு வரவில்லை. நாலாம் மாதமும் இல்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காலண்டரில் பென்சிலால் சின்னப் புள்ளிகள் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகாத பெண் இருக்கும் வீட்டில் அந்தப் புள்ளிகளுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கும் பெண்களுக்குத் தெரியும். ஒருநாள், "ரத்த சோகை இருக்கிறதா பார்க்கலாம்" என்று ஆட்டோவில் பக்கத்து ஊர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். நம் ஊரில் இருப்பது போதாதா என்று நான் கேட்கவில்லை. சிறுநீரும் கேட்டார்கள். முடிவை வாங்கிப் படித்துவிட்டு அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நிம்மதியில்தான். வீடு வரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை, குளிக்கப் போனபோது உள்ளாடையில் ஈரம். பால். எனக்கு உலகமே சுற்றியது. பெற்ற தாய் சந்தேகப்பட்டதை உடம்பு வேறு ஆமோதிக்கிறதா? புத்தி பிசகியது போதாதென்று உடம்பும் பிசகிவிட்டது என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? மருத்துவர் ஆண். கூட வருவது அப்பா. அவர் முன்னால் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

அன்று இரவிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு, துளசி மாடத்துக்குப் போய்த் துப்புவேன். பக்தி அதிகமாகிவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து நோய் திரும்பியது. மண்ணைக் கிளறிய நாளில் பாதி கரைந்த மாத்திரைகள் வெள்ளையாகக் கிடந்தன. "அழுத்தக்காரி, நடிக்கிறாள்" என்று பேர் வாங்கினேன்.

இரண்டாவது முறையும் அதே மருந்து, அதே கதை.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு பெண். அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? மார்பில் நீர் ஏதாவது கசிகிறதா?" என்றார். நான் அழுத அழுகையில் வெளியே இருந்த அப்பா கதவைத் தட்டினார். அந்த மருந்து சிலருக்கு ஒரு ஹார்மோனை ஏற்றிவிடும், பிள்ளை பெற்றவளுக்குச் சுரக்கும் அதே ஹார்மோன், ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மருந்தை மாற்றினார். கொஞ்ச நாளில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது.

இப்போது ஆறாவது வருடமாக மாத்திரை போடுகிறேன். விரும்பிப் போடவில்லை. கணக்குப் பார்த்துத்தான் போடுகிறேன். எடை ஒன்பது கிலோ ஏறியிருக்கிறது, அது ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன், அது இன்னொரு பக்கம்.

அக்கா, உங்கள் தம்பி ஏன் நிறுத்தினான் என்று கேட்டதற்குப் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டீர்களா, எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு கேட்டீர்களா?

ஏலக்காட்டுக்காரி
வியாழன், காலை 5:50

சுற்றி நின்றுகொண்டுதான். மாமாவும் இருந்தார்.

தயிர்ச்சாதம்
வியாழன், காலை 10:14

இந்த இழையில் எனக்குத் திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். நான் நாலு வருடம் மகனுக்குக் கலந்து கொடுத்தேன். தயிர்ச்சாதத்தில். மனைவி இல்லை, நான்தான் சமைப்பேன். கலக்காத நாட்களில் அவன் கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்றதை உங்களில் யாரும் பார்க்கவில்லை. சட்டம், சம்மதம் எல்லாம் எனக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அவன் உள்ளே என்ன செய்கிறான் என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சட்டம் வந்து பக்கத்தில் நிற்காது. இன்று அவன் உயிரோடு இருக்கிறான். எங்கே போனாலும் இதைச் சொல்வேன்.

பெயர் வேண்டாம்
வியாழன், காலை 10:40

ஐயா, உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் கேட்கிறேன். மகனுக்குத் தெரியுமா?

தயிர்ச்சாதம்
வியாழன், காலை 11:31

தெரியாது. இப்போது தானாகவே மாத்திரை போடுகிறான். சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

வெள்ளைத்தொப்பி
வியாழன், மாலை 6:05

ஐயாவின் இடத்தில் நின்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு விஷயம்.

கலந்து கொடுத்தால் பக்கவிளைவை யார் கவனிப்பது? அவருக்கே தெரியாமல் அவர் உடம்பில் ஒன்று நடக்கிறது. கை விறைக்கும், வாயில் எச்சில் வழியும், உட்கார முடியாமல் கால் பரபரக்கும். இது மருந்தால் வந்தது என்று அவருக்குத் தெரியாது, அதனால் மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார். குடி நிறுத்தும் மாத்திரையைச் சிலர் குழம்பில் கலக்கிறார்கள், அது இன்னும் மோசம். தெரியாமல் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, வேறு வழியே இல்லை என்ற நிலைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சிகிச்சை இல்லை என்பதே அதன் அடிப்படை. ஆனால் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, தன்னைத்தான் கவனித்துக்கொள்ளவே முடியவில்லை என்ற நிலையில், நியமனப் பிரதிநிதி (நோயாளிக்காக முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால் 30 நாள்வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். சங்கிலி போடுவதை அதே சட்டம் 95ஆவது பிரிவில் தடை செய்கிறது. நோயாளி தெளிவாக இருக்கும் நாளில், "எனக்கு மறுபடி முற்றினால் இந்த மருந்து கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள், இன்னார் முடிவெடுக்கட்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் இடம் இருக்கிறது. என் பணிக்காலத்தில் அப்படி எழுதி வைத்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. எழுதலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருந்தால்தானே?

இழைக் காப்பாளர்
வியாழன், இரவு 7:20

மருந்தின் அளவைக் குறிப்பிட்டு "பாதியாக்குங்கள்" என்று அறிவுரை சொன்ன இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அளவைக் கூட்டிக் குறைப்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் தமிழில் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

பள்ளிமணி
வெள்ளி, காலை 7:45

மேலே எழுதியவர்களுடைய துன்பத்தோடு ஒப்பிட்டால் என்னுடையது சின்னது. மனச்சோர்வு. மாத்திரையைப் பன்னிரண்டாம் நாள் நிறுத்தினேன். காரணம் கேவலமானது: யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வரும், நன்மை தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். நான் கண்டது கெடுதல் மட்டும், நன்மை வருவதற்குள் போய்விட்டேன்.

ஆலோசனைக்கும் போனேன். மூன்று அமர்வு. நல்ல பெண், நன்றாகப் படித்தவர். "என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சில் கல் வைத்தாற்போல் இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்றேன். "அது உடல். மனதில் என்ன உணர்கிறீர்கள்?" என்றார். எங்கள் அப்பாவுக்கும் எனக்கும் மனது அங்கேதானே இருக்கிறது, நெஞ்சில்? நாலாவது அமர்வுக்குப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஆயிரம் ரூபாய் என்பதும் கூடவே எழுத வேண்டிய உண்மை.

ஏழு மாதம் கழித்து வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தது வேறு கதை.

மேலூர்க்காரன்
வெள்ளி, காலை 8:02

நெஞ்சில் கல் என்றால் புரியாத ஒருவர் தமிழ்நாட்டில் ஆலோசனை சொல்கிறாரா!

ஏலக்காட்டுக்காரி
ஞாயிறு, இரவு 10:25

எல்லோருடைய பதிவுகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்று அம்மா சந்தைக்குப் போன நேரத்தில் மொட்டைமாடிக்குப் போனேன். தம்பி தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை, காபியும் இல்லை, எதுவும் இல்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து, "போன வருடம் ஏன் மாத்திரையை நிறுத்தினாய்? திட்டமாட்டேன், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்றேன்.

கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கின. லேசாகத்தான், சொல்லாவிட்டால் கவனிக்கவே முடியாது.

செல்போனுக்குள் இருக்கும் திருகு அரிசி நொய்யைவிடச் சின்னதாம். இடுக்கியால் எடுத்துக் குழியில் வைக்க வேண்டும். மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து வைக்க முடியவில்லை. விழுந்துவிடும். குனிந்து தேடுவான். ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே அரைமணி நேரம் தேடினானாம். முதலாளி ஒன்றும் சொல்லாமல் அந்தப் போனை வாங்கி வேறு பையனிடம் கொடுத்துவிட்டார். நிறுத்தியதும் கை சரியாயிற்று. அதனால்தான் அந்த நாலு மாதம் கடைக்குப் போயிருக்கிறான். நாங்கள் அதைக் "கெட்ட காலம் தொடங்கியது" என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு அடுத்து அவன் சொன்னதை எழுதுவதற்கு எனக்குத்தான் கை நடுங்குகிறது. போன ஐந்து மாதமாக மறுபடி நடுக்கம் வந்தது. மாத்திரை போடவில்லை, ஆனால் நடுங்குகிறது. அப்படியென்றால் மாத்திரையால் வந்ததல்ல, என் கையே போய்விட்டது, இனி இந்தத் தொழில் எனக்கில்லை என்று முடிவு கட்டியிருக்கிறான். அதனால்தான் கடைக்குப் போகவில்லை, படுத்தே கிடந்தான். குப்பியைப் படித்தபோது அவனுக்குக் கோபம் வந்ததாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம், "அப்பாடா, கை போகவில்லை" என்று தோன்றியதாம்.

ஐந்து மாதம். நான் ஊற்றிய காபி.

தயிர்ச்சாதம்
ஞாயிறு, இரவு 10:58

படித்தேன் அம்மா.

வெள்ளைத்தொப்பி
திங்கள், காலை 6:30

மகளே, இந்த நடுக்கத்துக்கு வழி இருக்கிறது. அளவைக் குறைப்பார்கள், அல்லது நடுக்கம் குறைவாகத் தரும் மருந்துக்கு மாற்றுவார்கள், சில சமயம் நடுக்கத்துக்கென்றே ஒரு சிறு மாத்திரை சேர்ப்பார்கள். மருத்துவரிடம் அவனே சொல்லட்டும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். மாமா வேண்டாம்.

ஏலக்காட்டுக்காரி
அடுத்த வியாழன், இரவு 9:10

போய்வந்தோம். பழைய மருத்துவரிடம் போக மாட்டேன் என்றான், நியாயம்தான். அரசு மருத்துவமனைக்குப் போனோம். நோய் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. "என் கை ஏன் நடுங்குகிறது? ராத்திரி தூக்கமும் இல்லை" என்று மட்டும் சொன்னான். மருத்துவர் சின்ன வயதுக்காரர். அவன் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடந்து காட்டச் சொன்னார். "என்ன வேலை?" என்றார். அவன் சொன்னதும் தன் போனை எடுத்து, "இதில் சார்ஜ் ஏறவில்லை, என்னவாக இருக்கும்?" என்று கேட்டார். தம்பி வாங்கி, அடிப்பக்க ஓட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சு அடைத்திருக்கிறது சார்" என்றான். வெளியே வரிசை முணுமுணுத்தது.

வேறு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி பஸ்ஸில் என்னிடம் சொன்னது: "கை சரியாகாவிட்டால் இதையும் நிறுத்திவிடுவேன். ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துவேன்."

இன்னும் வீட்டுச் சாப்பாடு இல்லை. நேற்று இரண்டு முட்டை வாங்கி வந்து தானே உடைத்து, தானே பொரித்துத் தின்றான். காபியும் தானே போட்டுக்கொள்கிறான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, நான் வாயைத் திறப்பதில்லை.

குப்பி மட்டும் இன்னும் அரிசிப் பானையில்தான் இருக்கிறது. அம்மா எறிய விடவில்லை. இருக்கட்டும், எதற்கும் ஆகும் என்கிறாள்.

அட்டைவெட்டி
வெள்ளி, காலை 9:02

திறந்த குப்பிக்குக் கெடு உண்டு அக்கா, அதற்குமேல் வைத்திருந்து பயனில்லை. அம்மாவிடம் அந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். புது மருந்தின் பெயரைச் சீட்டில் பார்த்து, எடையும் ரத்தச் சர்க்கரையும் எப்போது பார்க்க வேண்டும் என்று அடுத்த முறை தம்பியையே கேட்கச் சொல்லுங்கள்.